விசைப்பலகையில் உயிரும் மெய்யும்

கணிப்பொறிக்கு எழுத்தாலேயே ஆணையிட்ட காலம் ஒன்றுண்டு. 1968 டிசம்பரில் டக்ளஸ் எங்கல்பார்ட் சான்பிரான்சிஸ்கோ நகரில் 'மவுஸ்' எனும் சுட்டியை அறிஞர் அவையில் இயக்கிக் காட்டினார். திரையிலுள்ள படத்தைச் சுட்டிப் பணிகொள்ளும் முறை 1984இல் வெளிவந்த மெக்கிண்டாஷ் கணிப்பொறியால் பரவலாயிற்று. சுட்டுவதற்கு மொழி வேண்டுவதில்லை, எழுதுவதற்கோ வேண்டும்.

தமிழ் எழுதுவதற்கென அமைந்ததே 'தமிழ் 99' விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையடுத்து, அவ்வாண்டிலேயே தமிழக அரசு இதனை ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். வகர ஙகரங்கள் நீங்கலாக அகரமேறிய மெய்கள் வலக்கைப் பக்கம். 'பள்ளி' என்றெழுத ப, ள, ள, இ எனும் நான்கு விசைகள் போதும். இரண்டாம் ளகரம் வந்தவுடன் முதல் ளகரம் தானே புள்ளி பெறும். இகரம் வந்ததும் 'ளி' பிறக்கும். நன்னூல் வகுப்பில் கரும்பலகையில் நாம் எழுதிக் காட்டும் உயிர்மெய்ப் பிறப்பு இங்கே விரல்நுனியில் நிகழ்கின்றது. ஹ, ஷ, ஜ, ஸ ஆகியவற்றுக்கு ஷிப்ட் விசையையும் உடன் அழுத்த வேண்டும். நம் ஹாஜாக்களுக்கும் ஷாஜகான்களுக்கும் சற்றே கூடுதல் உழைப்புத்தான்!

ஆயினும் கடலூரிலும் சிதம்பரத்திலும் ஆய்வேட்டைத் தாமே தட்டச்சு செய்யும் மாணவருள் பலர் ஆங்கில எழுத்துகளைத் தட்டியே தமிழைப் பெறுகின்றனர். அவர்க்கு லகர ளகரங்கள் சிறிய எல், பெரிய எல் என்றாகிவிடுகின்றன; ழகரம் இசட் ஆகிறது. அதன் விளைவை விடைத்தாள்களில் நாம் காண்கிறோம். முதலாமாண்டில் எழுத்திலக்கணம் நடத்தும்போதே, மாணவரை இவ்விசைப்பலகையின் முன் அமர்த்திப் பயிற்றுவித்தல் வேண்டும்.