வரைபவர் யார், கட்டுபவர் யார்? படுவான்கரையில் அத்திவாரம் வெட்டுமுன் ஒரு வழிகாட்டி

பெரும்போக வேளாண்மை வெட்டிக் காசு கைக்கு வரும் மாசி, பங்குனியில்தான் மட்டக்களப்புப் படுவான்கரையின் உன்னிச்சைப் பக்கத்தில் கட்டட வேலை சூடுபிடிக்கும். ஐப்பசி மழை இறங்குமுன் கூரை ஏறிவிட வேண்டும். இந்த ஏழு மாத அவசரத்தில் மேசனைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, ‘சதுர அடி என்ன விலை?’ என்பதாகவே இருக்கிறது. வீடு கட்டும் குடும்பமும், பொதுமண்டபம் கட்டும் கிராம அபிவிருத்திச் சங்கமும், நெல்லுக் களஞ்சியம் கட்டும் கமக்காரர் அமைப்பும் அதைத்தான் கேட்கின்றன.

அதற்கு முன்னே கேட்க வேண்டியவை நான்கு. படத்தை வரைவது யார்? சாமான் வாங்குவது யார்? வேலையைப் பார்வையிடுவது யார்? பிழை வந்தால் அதைத் தன் செலவில் திருத்துவது யார்? இவற்றுக்குச் சொல்லும் பதிலைப் பொறுத்தே கட்டுமான முறைகள் பிரிகின்றன. விலையும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

நான்கு வழிகள்

முதலாவது, நாட்கூலிக்கு ஆள் பிடித்துக் கட்டுவது. சீமெந்து, மணல், கல், கம்பி எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. மேசனுக்கும் ஓடாவிக்கும் கூலியாளுக்கும் நாட்சம்பளம். இடையில் யாருக்கும் இலாபம் போகாது. கையில் காசு இருக்கும்போது கட்டி, இல்லாதபோது நிறுத்தலாம். ஆனால் வேலை இழுபட்டால் கூலி ஏறும். பிழைக்கும் நீங்களே பொறுப்பு.

இரண்டாவது, கூலிக் கொந்தராத்து. சாமான் உங்களுடையது, வேலை மட்டும் சதுர அடிக் கணக்கில் பேசப்படும். நாட்டுப்புறத்தில் அதிகம் நடப்பது இதுதான். இதில் மேசனுக்கு வேகம்தான் இலாபம். ஆகவே அவசரத்தில் விடுபடக்கூடிய வேலைகளை, உதாரணமாகக் கொங்கிறீற்றுக்கு நாளாந்தம் தண்ணீர் விடுவதை, நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வரைவது ஒருவர், கட்டுவது இன்னொருவர். பொறியியலாளரோ வரைஞரோ படமும் அளவுப் பட்டியலும் தயாரிப்பார். அதை வைத்துப் பலரிடம் விலை கேட்டு ஒருவருக்கு வேலை கொடுக்கப்படும். வரைந்த தரப்பே வேலையையும் மேற்பார்வை செய்யும். அரச வேலைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்துக்கு நிதி தந்த ஜப்பானிய நன்கொடைத் திட்டங்களிலும் ஆலோசனைப் பொறியியலாளரும் கட்டுநரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதுதான் வழமை. கட்டுபவர் மேல் இன்னொரு தொழில்வல்லுநரின் கண் இருப்பது இதன் பலம். படம் முடிந்து, விலை கேட்டு, பிறகுதான் மண் வெட்ட முடியும் என்பதால் காலம் அதிகம் எடுப்பது பலவீனம். படத்தில் பிழை இருந்தால் கட்டுநர் மேலதிகப் பணம் கேட்பார். கொடுப்பது நீங்கள்தான்.

நான்காவது, வடிவமைத்துக் கட்டித்தரும் ஒப்பந்தம். ஒரே நிறுவனம் வரைந்து, கட்டி, திறப்பைக் கையில் தரும். நமக்கு இது புதிதும் அல்ல. கோவில் பரிபாலன சபை ஸ்தபதியாரிடம் வேலையை ஒப்படைக்கும்போது, அளவும் அமைப்பும் வேலையும் அவர் பொறுப்பிலேயே வருகின்றன. வீட்டுக்கும் மண்டபத்துக்கும் நிறுவனங்கள் இதையே விற்கத் தொடங்கியிருப்பதால், இது எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தம் எப்படி ஓடுகிறது

இங்கே நீங்கள் படம் கொடுப்பதில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். இதை வேலைதருநரின் தேவைகள் என்பார்கள். அதைப் படித்த கட்டுநர், தான் எப்படிச் செய்வேன் என்று ஒரு முன்மொழிவும் மொத்த விலையும் தருவார். இரண்டும் ஒப்பந்தத்தின் உறுப்புகள் ஆகும். அளவுப் பட்டியலின்படி அளந்து காசு கொடுக்கும் வழக்கம் இதில் இல்லை. அத்திவாரம் முடிந்தால் இவ்வளவு, வளை மட்டம் வந்தால் இவ்வளவு, கூரை ஏறினால் இவ்வளவு என்று கட்டம் கட்டமாகக் கொடுப்பனவு நடக்கும். முடிவில் பரிசோதனை, கையேற்பு, அதன்பின் குறைபாடு திருத்தும் காலம். அது பெரும்பாலும் ஒரு வருடம்.

இதன் சாரம் பொறுப்பில் இருக்கிறது. தனியே வரைந்து தரும் பொறியியலாளர், நியாயமான திறமையோடும் கவனத்தோடும் வேலை செய்தால் சட்டப்படி தன் கடமையைச் செய்தவர் ஆவார். வடிவமைத்துக் கட்டும் நிறுவனமோ, பன்னாட்டுப் பொறியியல் ஆலோசகர் அமைப்பான ஃபிடிக்கின் மஞ்சள் நூல் போன்ற மாதிரி ஒப்பந்தங்களில், கட்டடம் தன் நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்றே உறுதி கொடுக்கிறது. சுவர் வெடித்தால் வரைந்தவரும் கட்டியவரும் ஒருவரை ஒருவர் கைகாட்ட இடமில்லை. இரண்டும் ஒரே நிறுவனம்தான். அதே அமைப்பின் சிவப்பு நூல், வேலைதருநரே வடிவமைக்கும் வேலைகளுக்கானது. வெள்ளி நூல், ஏறக்குறைய எல்லா ஆபத்தையும் கட்டுநர் தலையில் ஏற்றுவது. இலங்கையிலும் இக்டாட் நிறுவனம் வடிவமைத்துக் கட்டும் வேலைக்கென நான்காம் இலக்க மாதிரிக் கேள்விப்பத்திரத்தை வெளியிட்டது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அந்த நிறுவனம் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை ஆனது. சங்கங்கள் ஒப்பந்தம் எழுதும்போது இப்படியான மாதிரியிலிருந்து தொடங்குவது நல்லது.

இந்தப் பொறுப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. பேனா கைமாறிவிடுகிறது. விலை முடிவானபின் எந்த இடத்தில் மலிவான வழியைத் தேர்ந்தாலும் மிச்சம் கட்டுநருக்கே போகும். எழுதிக் கொடுக்காத எதையும் கேட்கும் உரிமை உங்களுக்குக் குறைவு. நடுவில் மனம் மாறி அறையைப் பெருப்பிக்கச் சொன்னால், மறுவிலை பேச ஒருவரே இருப்பார்.

நம் மாகாணம் கண்ட பாடம்

இந்த வேறுபாட்டை வடக்கும் கிழக்கும் ஏற்கெனவே பார்த்திருக்கின்றன. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்துக்கு 2012 ஜனவரியில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது. முதல் 1,000 வீடுகள் வடக்கில் நிறுவனங்கள் வழியாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், வடக்கு கிழக்கின் 45,000 வீடுகளுக்கு வழி மாறியது. ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய், வேலை முடிய முடியத் தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. வீட்டுக்காரரே மேசன் பிடித்தார், சாமான் வாங்கினார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்த பின்பே அடுத்த தவணை கிடைத்தது. வீடுகள் எழுந்தன, ஊர் மேசன்மாருக்கும் வேலை கிடைத்தது. ஆனால் மானியத்துக்கு மேல் வீட்டைப் பெருப்பித்துக் கட்டிய குடும்பங்கள் பல நகையை அடகு வைத்துக் கடன்பட்டன. முறை சரியாக இருந்தாலும் அளவை அடக்காவிட்டால் கடன்தான் மிஞ்சும்.

2015இன் கடைசியில் எதிர்முனையிலிருந்து ஒரு திட்டம் வந்தது. வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள். ஆர்செலர்மிட்டல் என்ற பன்னாட்டு நிறுவனம் தன் சொந்த வடிவமைப்பில் பொருத்தித் தருவதாக ஏற்பாடு. ஒரு வீட்டின் விலை 21 இலட்சம் ரூபாயைத் தாண்டியது. கல்வீட்டை அதில் ஏறக்குறைய பாதிக்குக் கட்டலாம் என்று பொறியியலாளர்கள் கணக்குக் காட்டினார்கள். வெயிலில் வீடு தகிக்கும், விறகடுப்புக்குப் பொருந்தாது, பின்னாளில் ஒரு பத்தி இறக்கிக் கட்ட முடியாது, உள்ளூர் ஆட்களுக்கு வேலை இல்லை என்ற குறைகள் எழுந்தன. எதிர்ப்பின் முன் அந்தத் திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. வெப்பம், அடுப்பு, பின்னால் பெருப்பிக்கும் வசதி ஆகியவை கட்டுநரின் தேர்வுக்கு விடப்படாமல், குடியிருக்கப் போகிறவர்களிடம் கேட்டு முதலிலேயே தேவைகளாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தம் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த வாசற்படியில்தான்.

எந்த வேலைக்கு எந்த வழி

வேலை முடிந்தபின் ‘சரி, பிழை’ என்று அளந்து சொல்ல முடிந்தால் வடிவமைத்துக் கட்டும் முறை நன்றாகப் பொருந்தும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகருக்குப் போகிறது. அப்படியான சுத்திகரிப்பு ஆலையில் நாளொன்றுக்கு எத்தனை கன மீற்றர், எந்தத் தரத்தில் தண்ணீர் என்று எழுதலாம், முடிவில் ஓடவிட்டுச் சோதிக்கலாம். இயந்திரத்தை அறிந்தவரே வடிவமைப்பதும் நல்லது. சூரிய மின்சாரத் தொகுதி, குளிரறை, நெல் உலர்த்தி, ஊர்க் குடிநீர்த் திட்டம் எல்லாம் இந்த வகை.

மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து பெரிதாக உள்ள வேலை வேறு. குளக்கட்டு, வான், வாய்க்கால் மதகு போன்றவற்றில் நிலத்தின் குணம் வெட்டிப் பார்க்கும்வரை முழுதாகத் தெரியாது. மொத்த விலைக்குக் கொடுத்தால், கட்டுநர் பயத்தில் விலையை ஏற்றுவார், அல்லது ஆழத்தைக் குறைப்பார். வடிவமைப்பையும் மேற்பார்வையையும் தனியே வைத்து அளந்து கொடுப்பதே பாதுகாப்பு.

சங்கம் கட்டும் பொதுமண்டபம், முன்பள்ளி, களஞ்சியத்துக்கு என் பரிந்துரை மூன்றாவது வழி. சங்கத்தின் காசு ஊரின் காசு. விலை ஒப்பிட்டதற்குத் தாளில் ஆதாரம் இருக்க வேண்டும். பார்வையிடத் தகுதியான இன்னொருவர் இருக்க வேண்டும்.

சொந்த வீடு என்றால், பக்கத்திலேயே குடியிருந்து பார்க்க உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் கூலிக் கொந்தராத்தும், ஒரு நல்ல படமும், முக்கிய நாட்களில் வந்து பார்க்கும் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரும் போதும். கத்தாரிலோ கனடாவிலோ இருந்து காசு அனுப்பிக் கட்டுவிப்பவருக்குத் திறப்பைக் கையில் தரும் ஒப்பந்தம் வசதி. ஆனால் கட்டுநரிடம் சம்பளம் வாங்காத ஒருவரைப் பார்வைக்கு வைத்துவிட்டே அதில் இறங்க வேண்டும். படம் எந்த வழியில் வந்தாலும் பிரதேச சபையின் அனுமதி வேண்டும். அனுமதி எடுப்பது யார் வேலை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தேவைகளை இப்படி எழுதுங்கள்

‘நல்ல தரமான மூன்று அறை வீடு’ என்ற வசனத்தால் ஒன்றையும் கேட்டு வாங்க முடியாது. கீழே உள்ளவை போல எழுதினால் முடியும்.

• தரைமட்டம், 2011 ஜனவரி வெள்ளம் இந்த வளவில் ஏறிய அடையாளத்துக்கு மேல் ஒன்றரை அடி.
• சமையலறையில் விறகடுப்பு, புகைக்கூட்டுடன்.
• கிழக்குப் பக்கம் பின்னாளில் ஓர் அறை சேர்க்கக்கூடியதாக அத்திவாரமும் வளையும்.
• கடும் காற்றில் பெயராதபடி கூரைச் சலாகை ஒவ்வொன்றும் வளைக் கொங்கிறீற்றில் புதைத்த கம்பியோடு கட்டப்பட வேண்டும். 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட மாவட்டத்தில் இதைக் கேட்பது அதிகம் அல்ல.
• தூண், வளை ஒவ்வொன்றுக்கும் கொங்கிறீற் போடுமுன் கம்பி கட்டியதைக் காட்டி, கையொப்பம் பெற்ற பின்பே போட வேண்டும்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தூணுக்குள் வளையம் ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்று படம் சொல்லும். போட்டு மூடியபின் அது ஒரு அடிக்கு ஒன்றாக இருந்தாலும் வெளியே தெரியாது. பலகை அடைக்குமுன் அளவு நாடாவைத் தூணோடு பிடித்து, நாடாவின் இலக்கம் தெரிய ஒரு படம் எடுங்கள். வளையத்தின் நுனி உள்நோக்கி மடிக்கப்பட்டிருக்கிறதா, கம்பிக்கும் பலகைக்கும் இடையில் கவர் கட்டை வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவரும் தொலைபேசியில் இதைக் கேட்டுப் பெறலாம்.

காசும் காலமும்

முற்பணம் கொடுத்தால் எந்தச் சாமானுக்கு என்று எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் செய்து முடித்த வேலையின் பெறுமதிக்கு மேல் கொடுக்காதீர்கள். மொத்தத்தில் 5 வீதத்தையாவது தடுத்து வையுங்கள். பாதியைக் கையேற்கும்போதும், மீதியைக் குறைபாடு திருத்தும் காலம் முடிந்தும் விடுவிக்கலாம். அந்தக் காலத்துக்குள் ஒரு மாரி முழுதாக வந்து போக வேண்டும். கூரையும் வடிகாலும் சரியா என்பதை மழை சொல்லும்.

விலையேற்றத்தை யார் தாங்குவது என்பதையும் விடாதீர்கள். 2021இல் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்துப் பை, 2022இல் மூவாயிரத்தைத் தொட்டது. அசையாத மொத்த விலைக்கு ஒப்புக்கொண்ட கொந்தராத்துக்காரர்கள் வேலையை விட்டுப் போனார்கள். வேலை ஓரிரு மாதத்துக்குள் முடியுமானால் அசையாத விலை சரி. அதற்கு மேல் போனால் சீமெந்து, கம்பி இரண்டுக்கும் இன்றைய விலையைக் குறித்து, இத்தனை வீதத்துக்கு மேல் ஏறினால் வித்தியாசத்தை இப்படிப் பங்கிடுவது என்று முதலிலேயே எழுதுங்கள். இருதரப்புக்கும் அதுதான் நியாயம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு விதியை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே நான் அழுத்திச் சொல்வது. கட்டுபவரின் இலாபத்தில் பங்கில்லாத, கம்பியை எண்ணத் தெரிந்த ஒரு ஆள் உங்கள் பக்கம் இருக்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை வீட்டுச் செலவின் முதல் வரியில் எழுதுங்கள். அந்த ஆள் கிடைக்காவிட்டால், இந்தப் போகத்துக் காசை வங்கியில் வைத்துவிட்டு அடுத்த பங்குனியில் தொடங்குங்கள்.