பாசறையும் பிணியும்

படைவீரனுக்குப் பகைவர் இருவர். ஒருவன் போர்க்களத்தில் எதிர்நின்று பொருபவன்; மற்றொருவன் கண்ணுக்குப் புலனாகாது பாசறைக்குள்ளேயே புகுந்து தாக்குபவன். பின்னவனே பிணி ஆவான். புதிதாகப் படையிற் சேரும் இளைஞர் பலர், போர்க்களத்தைக் காணுமுன் இப்பகைவனையே காண்கின்றனர்.

கட்டுடல் வாய்ந்த காளையரையும் பிணி எளிதிற் பற்றுவது ஏன்? பயிற்சிப் பாசறைக்கு நாட்டின் பல திசைகளினின்றும் இளைஞர் வருவர். ஓரூரார்க்குப் பழகிய நோய்க்கிருமி மற்றோரூரார்க்குப் புதிது. அவர்கள் ஒரே கூடத்தில் அடுத்தடுத்துப் படுத்துறங்குவர். கடும் உழைப்பும், உறக்கக் குறைவும், வீட்டைப் பிரிந்த ஏக்கமும் உடலைத் தளர்த்தும். ஒருவன் இருமினால் அருகிலுள்ளான் அக்கிருமியை ஏற்பான். சில நாட்களில் அணி முழுவதும் காய்ச்சலில் வாடும். ஸ்காட்லாந்து மருத்துவராகிய ஜான் பிரிங்கிள், 1752 ஆம் ஆண்டிலேயே, படைநோய்கள் பற்றிய தம் நூலில் தூய்மையையும் காற்றோட்டத்தையும் வற்புறுத்தினார்.

1953 இல் அடினோ வைரஸ் என்னும் நுண்கிருமியை அறிஞர் கண்டறிந்தனர். அமெரிக்கப் பாசறைகளில் இளைஞரை வாட்டிய காய்ச்சலுக்கு அவ்வினக் கிருமியே காரணம் என மாரிஸ் ஹில்மன் முதலியோர் 1954 இல் வெளியிட்டனர். அவ்வினத்துள் 4 ஆம் வகையும் 7 ஆம் வகையும் பெருங்கேடு செய்வன. அவற்றைத் தடுக்கும் மாத்திரைகள் 1971 முதல் புதுவீரர்க்கு வழங்கப்பட்டன. இம்மாத்திரை இரைப்பையிற் கரையாது குடலிற் சென்று கரையும். ஆங்கு உயிருள்ள கிருமி நோய் விளைக்காது தடுப்பாற்றலை வளர்க்கும்.

நோய் அடங்கியது. ஆயினும், அதனைச் செய்துவந்த ஒரே நிறுவனம் 1996 இல் அத்தொழிலை நிறுத்தியது. 1999 இல் இருப்பும் தீர்ந்தது. அடங்கிய பிணி மீண்டும் தலைதூக்கியது. 2000 ஆம் ஆண்டில் பயிற்சி பெற்றுவந்த இளைஞர் இருவர் மாண்டனர். 2011 இல் மாத்திரை மீண்டும் வந்தபின்னரே காய்ச்சல் பெரிதும் குறைந்தது. காவல் நன்கு நடைபெறும்போது காவலின் அருமை தோன்றுவதில்லை அன்றோ!

எனினும், எல்லா நோய்க்கும் மாத்திரை இல்லை. 1976 பிப்ரவரியில், நியூ ஜெர்சியிலுள்ள டிக்ஸ் கோட்டையில், காய்ச்சலுற்ற இளம் வீரன் ஒருவன் படுக்கையில் ஓய்ந்திராது தோழருடன் இரவு நடைப்பயிற்சிக்குச் சென்றான், வழியில் மயங்கி வீழ்ந்தான், உயிர்நீத்தான். அவனைப் பற்றியது ஒரு புதுவகை இன்புளுயன்சா. ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 230 வீரரை அது பற்றியிருந்தமை தெரியவந்தது.

பின்தங்கிவிடுவோமோ என்னும் அச்சமும், கோழை என்பரோ என்னும் நாணமும் நோயை மறைக்கத் தூண்டும். மறைப்பவன் தன்னுயிரை மட்டுமன்றி, அருகில் உறங்கும் தோழனின் உயிரையும் பணயம் வைக்கின்றான். துன்பத்தைத் தாங்குதல் வீரம். பிறர்க்குத் துன்பம் பரவாது காத்தல் அதனினும் பெருவீரம். உடல்நலம் குன்றியவுடன் மருத்துவரிடம் உண்மையை உரைத்தல் கோழைமையன்று; கடமையாகும். பாசறைக்கு மட்டுமன்று, பலர் கூடி வாழும் மாணவர் விடுதிக்கும் இவ்வறம் பொருந்தும்.