புது நெல் ரகம் உருவாக்க ஆசையா?

பயிர்ப் பெருக்கம் படிக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் ஒரு நெல் வயலுக்குப் போங்கள். பூக்கும் பருவத்தில், வெயிலில் அரை நாள் குனிந்து நின்று பாருங்கள். இரண்டு ரகங்களைக் கலப்பு செய்த நாளிலிருந்து ஒரு புது ரகம் விவசாயி கைக்கு வர ஏறக்குறைய பத்து ஆண்டு ஆகும். அத்தனை நாளும் வயலில் இருக்க மனம் இருந்தால் மேலே படியுங்கள்.

பிளஸ் டூவில் அறிவியல் பாடம், பிறகு பி.எஸ்சி. விவசாயம் 4 ஆண்டு. அடுத்து 2 ஆண்டு எம்.எஸ்சி.யில் தாவர இனப்பெருக்கம் மற்றும் மரபியல். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறை உண்டு; வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

பட்டப்படிப்பு முடிவதற்குள் கலப்பு செய்யக் கற்றுவிடுங்கள். பாதி வெளிவந்த கதிரில் ஏற்கெனவே பூத்த நுனிப் பூக்களையும், முற்றாத அடிப் பூக்களையும் கிள்ளி எறியுங்கள். மாலையில், மீதிப் பூக்களின் உமியில் மேல் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுங்கள். ஒன்று தங்கினாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடித்துவிடும். சூலகத்தில் இடுக்கி பட்டால் மணியே பிடிக்காது. பட்டர் பேப்பர் உறையால் மூடி, மறுநாள் காலை தந்தைச் செடியின் பூ விரியும்போது அதன் கதிரை மேலே தட்டுங்கள். மறுபடி மூடி, பெற்றோர் பெயரும் தேதியும் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். அட்டை இல்லாத விதை எவ்வளவு நல்லதானாலும் குப்பைதான்.

புள்ளியியலைக் கண்டு பயந்து ஒதுங்குபவர்கள் நிறைய. ஆனால் இரண்டாம் தலைமுறையில் பண்புகள் பிரிந்து நிற்கும் ஆயிரக்கணக்கான செடிகளில் எது மண்ணால் செழித்தது, எது மரபால் செழித்தது என்று சொல்ல அதுதான் கை கொடுக்கும். புள்ளியியலுக்கான ஆர் மென்பொருள் இலவசம். முதுகலையின் முதல் பருவத்திலேயே அதைக் கற்கத் தொடங்குங்கள்.

பயிர்களின் காட்டு உறவுகளையும் படியுங்கள். கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து உருவான கோ 205 ரகம் 1918-ல் வெளியாகி, வட இந்தியக் கரும்புச் சாகுபடியையே மாற்றியது.

ஆய்வு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது புகழைப் பார்க்காதீர்கள். அவர் வயலில் இப்போது எத்தனையாவது தலைமுறை நிற்கிறது என்று கேளுங்கள்.

அரசு ஆராய்ச்சிப் பணிக்கு ஏ.ஆர்.எஸ்., கல்லூரி ஆசிரியர் பணிக்கு நெட் தேர்வு. தனியார் விதை நிறுவனங்களுக்கு ஐதராபாத் பெரிய மையம், எம்.எஸ்சி.யோடும் அங்கே வேலைக்கு முயலலாம். நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழோடு நீங்கள் எழுதிய வயல் குறிப்பேட்டையும் எடுத்துப் போங்கள்.