கணிப்பொறிக்குள் ஓடுபவை யாவை?

கணிப்பொறி இன்று நம் பகுதியில் புதுமைப் பொருளன்று. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மேல்நிலை மாணவ மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியபோது, அலங்காநல்லூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் அது குடிபுகுந்தது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸும், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. அக்காளுக்குக் கிடைத்த அந்தப் பொறியைத்தான் இன்றும் சில வீடுகளில் தங்கை பயன்படுத்துகிறாள். வயதான பொறி, நினைவகமும் சிறிது. கலந்தாய்வு விண்ணப்பத்தின் கடைசி நாளன்று அது அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? கடையில் கொடுத்தால் பெரும்பாலும் 'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்ற ஒரே மருந்துதான். பணமும் போகும், கவனியாமல் விட்டால் கோப்புகளும் போகும். அதற்கு முன், உள்ளே ஓடுவது என்ன என்று நாமே பார்க்கலாமே!

மாணவிகளே, வட்டில் உறங்கிக் கிடக்கும் கட்டளைத் தொகுதிக்கு நிரல் என்று பெயர். நாம் அதைத் திறந்ததும் நினைவகத்தில் இடம்பிடித்து ஓடத் தொடங்குகிறது. ஓடும் நிரலைப் 'பிராசஸ்' என்பர். ஒவ்வொரு பிராசஸுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. நாம் திறந்தவை நான்கைந்துதான் என்றாலும், நாம் அறியாமல் பின்னணியில் ஓடுபவை நூற்றுக்கு மேலும் இருக்கும்.

அத்தனையும் ஒரே நேரத்தில் எவ்வாறு ஓடுகின்றன? உண்மையில் அவ்வாறு ஓடுவதில்லை. தை மூன்றாம் நாள் நம் ஊர் வாடிவாசலை நினைத்துப் பாருங்கள். உள்ளே எத்தனை காளைகள் காத்து நின்றாலும், வாசல் வழியே ஒவ்வொன்றாகத்தான் அவிழ்த்து விடுவார்கள். மையச் செயலகத்தின் ஒரு கோரிலும் அப்படித்தான்: ஒரு கணத்தில் ஒரு பிராசஸ். ஆனால் ஒரு வேறுபாடு. காளை ஒருமுறை வந்தால் ஓடிப் போய்விடும்; பிராசஸோ சில மில்லி விநாடிகள் வேலை செய்துவிட்டு மீண்டும் வரிசைக்குத் திரும்புகிறது. சுழற்சி மிக வேகமாக நடப்பதால் எல்லாம் ஒன்றாக ஓடுவதுபோல் நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. இவ்வரிசையை நடத்துவது இயக்க அமைப்பு. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல், நிரல் தானாக மனமுவந்து வழிவிட வேண்டும். ஒன்று அடம் பிடித்தால் பொறி முழுவதும் நின்றது. பின் வந்த அமைப்புகள் நேரம் முடிந்ததும் நிரலைத் தாமே விலக்கிவிடுகின்றன.

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். இதனை எழுதியவர் டேவ் பிளம்மர் என்னும் பொறியாளர். 1996-இல் விண்டோஸ் என்.டி. 4.0 பதிப்புடன் வெளிவந்தது. லினக்சில் 'சிஸ்டம் மானிட்டர்' உண்டு. முனையத்தில் 'டாப்' என்று தட்டினாலும் போதும். மையச் செயலகம், நினைவகம், வட்டு ஆகிய மூன்று பத்திகளையும் பாருங்கள். தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் உண்பது மேலே வந்து நிற்கும்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. விண்டோஸின் விவரப் பட்டியலில் 'சிஸ்டம் ஐடில்' என்பது 95 விழுக்காடு எனக் காட்டும். அதுதான் திருடன் என்று எண்ணிவிடாதீர்கள்! அது செயலகம் சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. லினக்சிலும் 'காலி நினைவகம்' மிகக் குறைவாகத் தெரியும். மிஞ்சிய இடத்தில் வட்டிலிருந்து படித்தவற்றை வைத்துக்கொள்வது அதன் வழக்கம். வேறு நிரல் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும்.

மெய்யான பெருந்தீனிக்காரர் பெரும்பாலும் இணைய உலாவியே. குரோம் உலாவி 2008-இல் வந்தபோதே பக்கங்களைத் தனித்தனிப் பிராசஸ்களாகப் பிரித்து ஓட்டியது. எனவே கனத்த பக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றலாம். குரோமிலேயே ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் அழுத்தினால் அதற்கெனத் தனிப் பட்டியல் தோன்றும். விண்ணப்பம் திறந்துள்ள பக்கத்தை மட்டும் தொடாதீர்கள். அதை முடித்தால் தட்டச்சு செய்து இன்னும் அனுப்பாதவை அழிந்துபோகும்.

நிறுத்துவதிலும் இரு வகை உண்டு. லினக்சில் கட்டளையின் பெயர் 'கில்'. பெயர்தான் கொடிது, அது முதலில் அனுப்பும் 15-ஆம் எண் சைகை வெறும் வேண்டுகோளே. கோப்பை மூடிவிட்டு விடைபெற நிரலுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. 9-ஆம் எண் சைகையோ மறுக்க முடியாத ஆணை. சேமிக்காத வேலை போய்விடும். ஆகவே முதலில் 15, சில விநாடி பொறுத்துப் பிறகே 9. கொல்லாமல் அடக்கவும் வழி இருக்கிறது. 'நைஸ்' எண்ணை 19 வரை உயர்த்தினால் அந்நிரல் பிறருக்கு வழிவிட்டுப் பின்தங்கி ஓடும். நல்ல குணத்துக்கு மதிப்பெண் கொடுப்பதுபோல் இதற்குப் பெயர் வைத்தவரின் நகைச்சுவை எனக்கு மிகப் பிடிக்கும்.

9-ஆம் எண்ணுக்கும் அடங்காதவை இரண்டு. பழுதான பென்டிரைவின் விடைக்காகக் காத்து நிற்பது ஒன்று. அக்காத்திருப்பு முடியும்வரை எந்த ஆணையும் அதை எட்டாது. மற்றொன்று 'ஜோம்பி', அதாவது நடைப்பிணம். அது ஏற்கெனவே இறந்துவிட்டது. அதைத் தோற்றுவித்த தாய்ப் பிராசஸ் முடிவுச் செய்தியைப் பெற்றுக்கொள்ளாததால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. இறந்ததை எப்படிக் கொல்வது? தாயை நிறுத்தினால் பொதுவாக 1-ஆம் எண் பிராசஸ் அதைத் தத்தெடுத்துக் கணக்கை முடித்துவிடும்.