இறகு பொறுக்கக் கிளம்புறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

முதல்லயே கசப்பான விஷயத்தைச் சொல்லிடறேன். காட்டுப் பறவையோட இறகை வீட்டுல சேர்த்து வைக்கிறது நம்ம நாட்டுல சட்டப்படி சிக்கல். 1972-ம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல கொம்பு, நகம், பல்லுன்னு வர்ற வரிசையிலேயே இறகும் இருக்கு. 2023-ல கன்னட பிக் பாஸ் செட்டுக்கே வனத்துறை போய், புலி நகம் போட்டவரைப் பிடிச்சிட்டு வந்தாங்களே, அதே சட்டம்தான். ஒரு மைனா இறகுக்காக உன் வீட்டுக் கதவை யாரும் தட்டப் போறதில்லை. ஆனாலும் உதிர்ந்ததுன்னு நீ சொன்னா, பிடுங்கினவனும் அதையேதானே சொல்வான்? அதனால நான் சொல்ற வழி: கிடந்த இடத்துலயே பாரு, படம் எடு, அளந்து நோட்டுல எழுது, அங்கேயே விட்டுட்டு வா.

மயில் தோகைக்கு மட்டும் விலக்கு உண்டு. தானா உதிர்ந்த தோகையை உள்நாட்டுல வச்சிக்கலாம். ஸ்ரீனிவாசபுரம் மாந்தோப்புப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா ஆவணி, புரட்டாசியில சொல்லி வை. மயில் தோகையை உதிர்க்கிற காலம் அதுதான். கோயில் வாசல் கடையில வாங்கினா காம்போட அடியைப் பாரு. உதிர்ந்ததுக்கு அடி சுத்தமா, காய்ஞ்சு, முனை மழுங்கி இருக்கும். ரத்தக் கறையோ சதையோ ஒட்டியிருந்தா பிடுங்கினது. அடியையே வெட்டி விட்டிருந்தா அந்தக் கறையை மறைக்கத்தான்னு சந்தேகப்படு, வாங்காதே. இன்னொண்ணு, நாம தோகைன்னு கொண்டாடுறது மயிலோட வாலே இல்லை. முதுகுக்குக் கீழே, வாலுக்கு மேலே முளைக்கிற இறகுங்க. நிஜ வால் அதுக்கு அடியில பழுப்பா, குட்டையா முட்டுக்கொடுத்துக்கிட்டு நிக்கும்.

எங்கே தேடலாம்? பேத்தமங்கலம் ஏரிக்கரை அருமையான இடம். பெமல் நகர் தைல மரங்க அடியிலயும் கிடைக்கும். தங்கச் சுரங்கக் கழிவு குவிஞ்சு கிடக்கிற சயனைடு மேட்டுப் பக்கம் மட்டும் போகாதே. சினிமாக்காரங்க படம் பிடிக்க நல்லா இருக்கும்; காத்தடிச்சா பறக்கிற அந்தத் தூசி உன் நெஞ்சுக்கு ஆகாது.

இறகு கண்ணுல பட்டதும் அவசரப்படாதே. நடுக்காம்புக்கு ரெண்டு பக்கமும் அகலம் ஒண்ணா இருக்கான்னு பாரு. ஒரு பக்கம் ஒடுங்கி, ஒரு பக்கம் அகலமா இருந்தா பெரும்பாலும் சிறகு இறகு. ரெண்டும் சமமா இருந்தா வாலோட நடு இறகா இருக்கலாம். சிறகு இறகுன்னா எந்தப் பக்கத்துச் சிறகுன்னும் சொல்லிடலாம். மேல்பக்கம் உன்னைப் பார்த்த மாதிரி, காம்படி மேலே, நுனி கீழே வர்ற மாதிரி பிடி. ஒடுங்கின ஓரம் உன் இடது கை பக்கம் இருந்தா இடது சிறகு. எது மேல்பக்கம்னு குழப்பமா இருந்தா, இறகு வெளியே வளைஞ்சு மேடா இருக்கிற பக்கம்தான் மேல்பக்கம்.

ஓரம் பிரிஞ்சு சிலும்பியிருந்தா விரலால அடியிலிருந்து நுனிவரைக்கும் ஒரு தடவை நீவு. திரும்ப ஒட்டிக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கொக்கிங்க ஜிப் மாதிரி ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும். பறவை மூக்கால கோதுறதும் இதே வேலைதான்.

நம்ம கர்நாடகாவோட மாநிலப் பறவை பனங்காடை. கரண்டு கம்பியில சும்மா உட்கார்ந்திருக்கும்போது சோம்பேறி மாதிரி தெரியும், பறந்தாத்தான் அந்த நீலம். அதோட இறகு கிடைச்சா வெயிலுக்கு எதிரா தூக்கிப் பாரு. நீலம் காணாமப் போய் மங்கின பழுப்பு வரும். ஏன்னா அதுல நீலச் சாயமே கிடையாது. இறகுக்குள்ள இருக்கிற நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறதால வர்ற நீலம் அது. ஆந்தை இறகு மாட்டினா முன் ஓரத்தைப் பாரு, சீப்புப் பல் மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். சத்தமில்லாம எலி மேல இறங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

படம் எடுக்கும்போது வெளிர் இறகுக்குக் கறுப்புச் சார்ட், கறுப்பு இறகுக்கு வெள்ளைப் பேப்பர். பக்கத்துல ஸ்கேல் கட்டாயம். ரெண்டு பக்கமும் எடு; தேதி, இடம் எழுது. இதையே பெரிசா செய்யறவங்க இருக்காங்க. 2021-ல அகமதாபாத்துல இஷா முன்ஷியும் ஷெர்வின் எவரெட்டும் இந்தியப் பறவைங்களுக்குன்னே ஆன்லைன்ல இறகு நூலகம் தொடங்கினாங்க. மீட்பு மையத்துல இறந்துபோன பறவைங்களோட இறகுங்க அதுல முறையா பதிவாகுது. பெங்களூரு என்.சி.பி.எஸ். உயிரியல் ஆராய்ச்சி நிறுவனமும் அவங்களோட கை கோத்திருக்கு. உன் படத்தை அதோட ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சுத்தம் பத்திக் கறாரா சொல்றேன். தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவு. பறவை செத்துக் கிடந்தா பக்கத்துலயே போகாதே, ஒண்ணுக்கு மேல கிடந்தா கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடு. கோழி இறகால காது குடையறதை இன்னும் விடாத பெரியவங்க நம்ம லைன்ல இருக்காங்க, அவங்ககிட்டயும் சொல்லு.

கொக்கு இறகு மேல ஆசை வந்தா ஒண்ணை நெனச்சுக்கோ. லண்டன் துரைசானிங்க தொப்பியில செருகறதுக்காகவே கொக்கைக் கூட்டங்கூட்டமா கொன்னாங்க. நம்ம ஊரு தங்கச் சுரங்கத்துக்கு சிவசமுத்திரத்துலேருந்து கரண்டு வந்த அதே 1902-லதான், பறவைத் தோலையும் இறகையும் ஏற்றுமதி பண்ணக்கூடாதுன்னு பிரிட்டிஷ் இந்திய அரசு தடை போட்டுச்சு.

கையில வச்சுக்கணும்னு ஆசையா இருந்தா நாட்டுச் சேவல், வான்கோழி, கினிக்கோழி போதும். சேவல் வாலோட வளைஞ்ச இறகுல வர்ற பச்சைப் பளபளப்பு எந்தக் காட்டுப் பறவைக்கும் இளைச்சதில்லை. மிதமான வெந்நீர்ல துளி ஷாம்பு போட்டு அலசு, நிழல்ல உலர்த்து, நீவிவிடு. நல்லா காய்ஞ்சதும் ஜிப் கவர்ல போட்டுச் சில நாள் ஃப்ரீசர்ல வை. பேன், பூச்சி இருந்தா செத்துடும். அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லிடு, ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்துல வச்சு மாட்டிக்காதே.

ஆஸ்திரேலியாவுல செட்டிலான அத்தை பொண்ணு லீவுக்கு வந்துட்டு மயில் தோகை கேட்பா. கொடுக்காதே. நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை. அவளுக்குப் படத்தை வாட்ஸ்அப்ல அனுப்பு.