டவர் ஃபுல்லா காட்டுது, மெஷின் ஏன் சுத்துது?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூர் ஓரத்து ஷூ கடைகளில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழக்கமாக நடப்பது இது. காரில் போகிறவர்கள் இறங்கி, இரண்டு ஜோடி ஷூவும் ஒரு பெல்ட்டும் எடுத்துக்கொண்டு கார்டை நீட்டுவார்கள். கடைக்காரர் பழைய ஸ்வைப் மெஷினில் அதைச் செருகுவார், பின் நம்பர் போடச் சொல்வார், பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடப்பார். "டவர் கிடைக்கல சார், ஒரு நிமிஷம்." திரையில் முதலில் 'கனெக்டிங்', அப்புறம் 'சென்டிங்', கடைசியாக 'ரிசீவிங்'. அந்தச் சின்ன மெஷினுக்குள் ஒரு 2ஜி சிம் இருக்கிறது. அதில் ஓடுவது ஜிபிஆர்எஸ் என்ற டேட்டா சேவை. 5ஜி விளம்பரம் ஒட்டிய சுவருக்கு எதிரில் இன்னும் அதுதான் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பவற்றில் பெரும்பாலானவை தப்பு.

"பணம் போயிடுச்சு, மெஷின்ல மாட்டிக்கிச்சு"

வாடிக்கையாளர் போனில் வங்கியின் எஸ்எம்எஸ் வந்துவிட்டது. மெஷினில் பில் வரவில்லை. "எனக்குப் பணம் எடுத்துட்டாங்க அண்ணே." "எனக்கு வரலையே சார்." இருவர் சொல்வதும் உண்மை. பணம் நடுவில் எங்கோ காற்றில் தொங்குகிறது என்று இருவரும் நினைப்பதுதான் பிழை.

டவர் வழியாகப் பணம் போவதே இல்லை. கார்டு விவரம், தொகை, மெஷினின் எண் எல்லாம் சேர்ந்த சில நூறு பைட் செய்தி ஒன்று வங்கிக்குப் போகிறது. 'சரி' அல்லது 'இல்லை' என்று ஒரு பதில் திரும்பி வருகிறது. மெஷின் 'கனெக்டிங்' என்று காட்டும்போது அது நெட்வொர்க்கிடம் தனக்கு ஓர் ஐபி முகவரி கேட்டுக்கொண்டிருக்கிறது. வங்கிக்கு இன்னும் எதுவும் போகவில்லை. அங்கேயே நின்றுபோனால் பயமில்லாமல் மறுபடி கார்டைப் போடலாம். 'ரிசீவிங்' வரை வந்து நின்றால் கதை வேறு: கேள்வி போய்ச் சேர்ந்து, வங்கி பற்று வைத்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அப்போது உடனே இரண்டாம் தடவை கார்டைப் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. முதலில் அந்தப் பரிவர்த்தனையின் நிலையைப் பார்க்க வேண்டும். கடைக்கு ஒப்புதல் வராமல் கணக்கில் பற்று விழுந்திருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி அடுத்த 5 நாள்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கல்லாவுக்கு மேலே இதை எழுதி ஒட்டிவைத்தால் பாதிச் சண்டை குறையும்.

"டவர் ஃபுல்லா இருக்கு, கம்பெனிக்காரன் வேணும்னே ஸ்பீடைக் குறைக்கிறான்"

இந்த வட்டாரத்தில் அதிகம் கேட்கிற புகார் இது, குறிப்பாக ஷூ கம்பெனிகள் விடுகிற நேரத்தில். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய விஷயம்.

போனில் ஏறும் கட்டைகள் காட்டுவது டவரின் அறிவிப்பு அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதை மட்டும். அந்த அலை எப்போதும் ஒரே சக்தியில் ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கும். டவரில் இடம் இருக்கிறதா என்பது கட்டைகளுக்குத் தெரியாது.

இடம் என்பது 2ஜியில் நேரம். 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை 8 நேரத்துண்டுகளாக நறுக்குகிறார்கள். எட்டும் ஒரு சுற்று வர 4.6 மில்லிசெகண்ட். ஒரு துண்டையாவது டவர் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒருவரை அழைத்தால் ஒரு துண்டு உங்களுக்கென்று ஒதுக்கப்படும். வைக்கிற வரைக்கும் அது உங்களுடையது, பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாலும்கூட. குரலைச் சுருக்கி ஒரு துண்டில் இரண்டு அழைப்புகளை அடைக்கும் வழியும் உண்டு. ஆனாலும் துண்டுகள் எண்ணி வைத்தவைதான்.

ஜிபிஆர்எஸ் எதையும் பிடித்துவைத்துக்கொள்ளாது. பேச்சு போக மிச்சமிருக்கும் துண்டுகளில், 20 மில்லிசெகண்ட் கட்டுகளாகத் தகவலை ஏற்றுகிறது. இந்தக் கட்டு என் மெஷினுடையது, அடுத்தது பக்கத்துத் தெரு மெக்கானிக்கின் போனுடையது. ஷூவின் மேல்பாகமான அப்பரின் தையலைக் கிராமத்து வீடுகளுக்குக் கொடுக்கிற ஏஜென்ட் தனி வேன் பிடிக்காமல், நம்பர் சீட்டு கட்டிய மூட்டைகளை வருகிற டவுன் பஸ்ஸிலெல்லாம் ஏற்றி அனுப்புவது மாதிரி. ஒரு மூட்டை வரவில்லையென்றால் சீட்டைப் பார்த்து அதை மட்டும் திரும்பக் கேட்கலாம். கட்டுகளுக்கும் அப்படி வரிசை எண் உண்டு. தொலைந்ததை மட்டும் மறுபடி அனுப்பச் சொல்வார்கள்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பெரும்பாலான நெட்வொர்க்குகளில் பேச்சுக்குத்தான் முதல் மரியாதை. கம்பெனி விட்டு ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்து "பஸ் ஏறிட்டேன், சோறு வெச்சிடு" என்று வீட்டுக்குச் சொல்லும்போது, மெஷினுக்கு ஒன்றிரண்டு துண்டுதான் மிஞ்சும். கட்டை முழுசாக இருக்கும், கட்டு நகராது. யாரும் வேண்டுமென்று குறைப்பதில்லை. குறைவாகக் கட்டி வைத்தார்கள் என்று குற்றம் சொல்லலாம், அதில் நியாயமுண்டு.

வேகக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வழக்கமான குறியீட்டு முறையில் ஒரு துண்டு விநாடிக்கு 13.4 கிலோபிட். போன் நான்கு துண்டு வாங்கினால் 53.6. காகிதத்தில் உச்சம் 171.2 கிலோபிட்: எட்டுத் துண்டையும் ஒருவரே வாங்கி, பிழை திருத்தத்தையும் கிட்டத்தட்டக் கைவிட்டால். அந்த எண்ணை விளம்பரத்துக்கு வெளியே நான் பார்த்ததில்லை. திரையில் 'ஜி'க்குப் பதில் 'ஈ' தெரிந்தால் அது எட்ஜ். ஒரு துடிப்பில் ஒரு பிட்டுக்குப் பதில் மூன்று பிட் ஏற்றுகிற முறை. துண்டுக்கு 59.2 வரை போகும், ஆனால் டவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜவ்வாது மலையடிவாரம் நெருங்க நெருங்க, 'ஈ' என்று எழுதியிருந்தாலும் உள்ளே பழைய வேகத்துக்கு இறங்கிவிடும்.

இவ்வளவு மெதுவானதை வைத்து என்ன செய்வது? ஸ்வைப் மெஷினின் செய்தி 300 பைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டில் ஏறுவது ஏறக்குறைய 30 பைட். பத்துக் கட்டு, அதாவது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக, காத்திருப்பு முழுக்கத் துண்டு கிடைப்பதற்கும் இணைப்பு போடுவதற்கும்தான். கடைக்காரர் வாசலுக்கு நடப்பதில் அர்த்தமுண்டு: தகர ஷட்டரும் கான்கிரீட்டும் தாண்டினால் கட்டுகள் தொலைவது குறையும். நெரிசல் மட்டும் நடந்தால் குறையாது.

"ஜிபிஎஸ், ஜிபிஆர்எஸ் ரெண்டும் ஒண்ணுதான்"

லாரி ஓட்டுகிறவர்கள், அனுப்புகிறவர்கள் எல்லோரிடமும் இந்தக் குழப்பம் உண்டு. ராணிப்பேட்டையிலிருந்து துறைமுகம் போகிற வண்டி திடீரென்று வரைபடத்தில் நின்றுவிட்டால், "சேட்டிலைட் கட் ஆயிடுச்சு" என்பார்கள். செயற்கைக்கோள் எதையும் வாங்குவதில்லை, அது நேரத்தைச் சொல்லிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். வண்டியிலிருக்கும் பெட்டி நான்கு செயற்கைக்கோள்களின் நேரத்தைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்குப் போடுகிறது. அது ஜிபிஎஸ். கணக்குப் போட்ட இடத்தை முதலாளியின் போனுக்குச் சொல்ல ஒரு சிம்மும் டவரும் வேண்டும். அது ஜிபிஆர்எஸ், அல்லது இப்போது 4ஜி. சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாவிட்டால் வண்டிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று நன்றாகத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது.

"நெட் இல்லாத போனுக்கு ஓடிபி வராது"

வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கிற பெண்களில் பட்டன் போன் வைத்திருப்பவர்கள் பலர். பேங்க் மெசேஜுக்காக நெட் பேக் போடச் சொல்லி அவர்களிடம் யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். 2ஜியில் எஸ்எம்எஸ் போவது அழைப்பை ஏற்பாடு செய்கிற கட்டுப்பாட்டுப் பாதையில். டேட்டா பேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 140 பைட் வரம்பு. ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழ் யுனிகோடில் 70 மட்டுமே. 70 என்பதில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும், அதனால் நம் மெசேஜ் சீக்கிரமே இரண்டாக உடைகிறது. இருப்பு பார்க்க உதவும் *99# சேவையும் இதே பாதையில்தான் போகிறது. அதற்கும் நெட் வேண்டாம்.

"நெட் ஓடும்போது கால் வராது" என்பது மட்டும் பாதி நிஜம். சாதாரண 2ஜி போனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. கால் வந்தால் டேட்டா நிற்கும், வைத்ததும் தொடரும். ஆனால் டேட்டா மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும்போது சில நெட்வொர்க்குகளில் போன் அழைப்பு அறிவிப்பைக் கேட்கத் தவறும். கூப்பிட்டவருக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வரும். வீட்டில் இதனால் வந்த சண்டைகளுக்குப் போனில் இருந்தவரைக் குறை சொல்ல முடியாது.

டேட்டா 'ஆன்'-ல் இருந்தாலே காசு கரையும் என்பது டயல் செய்து வாப் பார்த்த காலத்து பயம். அப்போது நிமிடக் கணக்கு. ஜிபிஆர்எஸ் வந்ததும் கணக்கு அளவுக்கு மாறியது, 10 கேபிக்கு 10 பைசா என்று எத்தனையோ பேர் கட்டியிருப்போம்.

"பழைய போனை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது"

பழையதுதான் சுலபம். ஜிபிஆர்எஸ்ஸின் முதல் பூட்டான ஜிஈஏ-1, 64 பிட் சாவி என்று சொல்லப்பட்டது. 2021-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே 40 பிட் பலம்தான் இருந்தது. இது தற்செயலாக அமைந்திருக்க வாய்ப்பில்லை, வேண்டுமென்றே பலவீனமாகச் செய்திருக்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. ஆனால் ஸ்வைப் மெஷின் டவரின் பூட்டை நம்புவதில்லை. பின் நம்பரைத் தனக்குள்ளேயே பூட்டிவிட்டுத்தான் அனுப்புகிறது.

"நெட் இல்ல, அதனால ரீடிங் இல்ல"

இதை நம்பிக்கை என்பதைவிட, டேனரிகள் சொல்லும் சாக்கு என்பேன். டேனரிக் கழிவு கலந்த பாலாற்றைப் பற்றி 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வட்டாரம் இது. 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், டேனரிகள் உட்பட 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி வைக்க வேண்டும் என்றது. கழிவுநீரின் அளவு, பிஎச் போன்ற எண்களைக் கருவி எடுத்து சர்வருக்கு அனுப்ப வேண்டும். கேமராவின் நேரலை வீடியோவை 2ஜியில் சரியாக அனுப்ப முடியாது, ஒப்புக்கொள்கிறேன். எண்கள் அப்படியில்லை, சில நூறு பைட். ஒற்றைத் துண்டில் போய்விடும். தகவல் அனுப்பும் லாகர் பெட்டிக்கு நினைவகம் உண்டு. டவர் போனால் சேமித்துவைத்து, வந்ததும் நேரக் குறிப்போடு மொத்தமாக அனுப்பும். ஆகவே நெட் போனால் ரீடிங் தாமதமாக வரலாம், வராமலே போகக் கூடாது. வரவில்லையென்றால் கேட்க வேண்டியது டவர்க்காரரை இல்லை.

"2ஜியெல்லாம் எப்பவோ மூடிட்டாங்க"

சிங்கப்பூரில் 2017-ல் மூடினார்கள். இங்கே நடந்தது தலைகீழ்: 3ஜிதான் முதலில் போனது. ஏர்டெல் 2019-ல் கொல்கத்தாவில் தொடங்கி 3ஜியை நிறுத்தியது, 2ஜியை வைத்துக்கொண்டது. பட்டன் போன்களும் ஸ்வைப் மெஷின்களும் அதை நம்பியிருப்பதுதான் காரணம். 2016-ல் வந்த ஜியோவிடம் 2ஜி என்றுமே இருந்ததில்லை. இதைத் தெரியாமல் பழைய டிராக்கருக்குள் ஜியோ சிம் போட்டுவிட்டு, "மெஷின் டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. வாங்கும்போது பெட்டியின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். 850/900/1800/1900 என்று நான்கு எண்கள் மட்டும் இருந்து, எல்டிஇ என்ற எழுத்து எங்கும் இல்லையென்றால் அது 2ஜி பெட்டி. அதற்கு ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம்களில் ஏதாவது ஒன்றுதான் வேலை செய்யும்.