அந்த எண் எவ்வளவுக்கு?

சென்ற தவணையில் இரண்டாம் படிவத்தில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தியபோது, ஆளுக்கொரு காலிப் பானப் போத்தல் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் தன் தேநீர்ப் போத்தலைப் பெருமையோடு மேசைமேல் வைத்தான். அதில் 'கூராங் மானிஸ்' என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

"இப்ப எங்க வீட்டுல இதுதான் டீச்சர். அப்பாவுக்கு இனிப்புநீர். போன வருஷம் கால் விரல எடுத்துட்டாங்க."

வகுப்பு சற்று அமைதியானது. பிறகு அவனே போத்தலைத் திருப்பி எண்ணைப் படித்தான். 'ஜும்லா கூலா 4.9 கிராம்.' அஞ்சு கிராம்கூட இல்லையே என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள். "அந்த 4.9 எவ்வளவு பானத்துக்கு?" என்று கேட்டேன். மேலே சிறிய எழுத்தில் 'செத்தியாப் 100 மி.லி.' என்றிருந்தது. போத்தலோ 500 மில்லிலிட்டர்.

4.9 × 5 = 24.5 கிராம். தட்டையாக அளந்த ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம் இருக்கும். ஆக, போத்தல் ஒன்றில் ஆறு தேக்கரண்டி. அவனையே தராசில் 24.5 கிராம் சீனியை நிறுத்துக் கொட்டச் சொன்னேன். அந்தக் குவியலை அவன் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நாம் உண்ணும் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே தனிச்சீனியிலிருந்து வர வேண்டும். 5 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு 5 விழுக்காடு என்பது 100 கிலோகலோரி. ஒரு கிராம் சீனி 4 கிலோகலோரி தருவதால் 25 கிராம் வரும். அந்த ஒரு போத்தலே ஒரு நாள் கணக்கை முடித்துவிடுகிறது.

நம் நாட்டுக் கடைகளில் 4.9, 4.8 போன்ற எண்கள் ஏன் இத்தனை போத்தல்களில் தென்படுகின்றன? 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி விதிக்கப்பட்டது. பின்னர் அது உயர்த்தப்பட்டது. 5-க்குச் சற்றுக் கீழே நின்றால் வரி இல்லை. முன்பு பத்துக் கிராம் இருந்த பானம் ஐந்துக்கு இறங்கியது நல்ல மாற்றம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வரிக்கான கோடு. 'இதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்' என்று அது சொல்லவில்லை. 'கூராங் மானிஸ்' என்ற சொல்லும் எதைவிடக் குறைவு என்று சொல்வதில்லை.

இங்கே ஒரு சிக்கலையும் கவனியுங்கள். எதுவும் சேர்க்காத வெறும் பால் பெட்டியின் பின்புறத்திலும் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 4.8 கிராம் சீனி என்றுதான் இருக்கும். அது பாலில் இயற்கையாக உள்ள லாக்டோஸ். அதோடு புரதமும் கால்சியமும் சேர்ந்தே வருகின்றன. தனிச்சீனிக் கணக்கில் அது சேராது. ஆகவே எண்ணைப் படித்ததும் அடுத்துச் சேர்க்கைப் பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் எழுதப்படும். தண்ணீருக்கு அடுத்த இடத்தில் சீனி இருந்தால் விஷயம் தெளிவு. பழச்சாறு வேறு கதை. பழத்தைப் பிழிந்து நாரை நீக்கிய பிறகு, அதிலுள்ள சீனியும் தனிச்சீனியாகவே கணக்கிடப்படுகிறது. ஒரு கொய்யாவைக் கடித்துத் தின்பது எவ்வளவோ மேல்.

ஆறு தேக்கரண்டிச் சீனி நாக்குக்கு ஏன் தெரியவில்லை? இதை வீட்டில் நீங்களே சோதிக்கலாம். (அறிவியல் கூடத்தில் எதையும் சுவைக்கக் கூடாது, சமையலறையில் செய்யுங்கள்.) 300 மில்லிலிட்டர் நீரில் 15 கிராம் சீனியைக் கரைத்து மூன்று குவளைகளில் சமமாக ஊற்றுங்கள். ஒன்றைக் குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். இன்னொன்றில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். மூன்றாவதை அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு விவரம் தெரியாத தம்பி தங்கையை ஒவ்வொரு வாய் சுவைக்கச் சொல்லி, எது அதிக இனிப்பு என்று கேளுங்கள். வீட்டில் நீரிழிவு உள்ளவர்களை இதற்கு அழைக்க வேண்டாம். பெரும்பாலும் அப்படியே விட்ட குவளையைத்தான் காட்டுவார்கள். குளிரில் நாவின் இனிப்பு உணர்வு மங்குகிறது. புளிப்பு இனிப்பை மறைக்கிறது. உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதற்கும் இதுவே காரணம். பனிக்கட்டி போட்ட எலுமிச்சைப் பானத்தில் இரண்டு மறைப்புகளும் ஒருசேர வேலை செய்கின்றன.

நாக்கு ஏமாந்தாலும் உடல் ஏமாறாது. திரவத்தில் கரைந்த சீனி, நார் போன்ற தடை ஏதுமின்றிச் சிறுகுடலை விரைவில் எட்டுகிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் ஏற, கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அதே அளவு ஆற்றலை உணவாக மென்று தின்றால் வயிறு நிறைந்த உணர்வு வரும். குடித்தால் அவ்வளவாக வருவதில்லை. அதனால் சோற்றின் அளவும் குறைவதில்லை. இனிப்புப் பானங்களை வழக்கமாகக் குடிப்போருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர்.

தாகத்துக்கு வெறும் தண்ணீர் போதும். விளையாட்டு வீரர்களுக்கான பானங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்க்க வியர்க்க ஓடுபவர்களுக்கு உதவலாம். புறப்பாட நடவடிக்கையில் இருபது நிமிடம் பந்து உதைத்தவருக்கு அவை தேவையில்லை.

நொறுக்குத் தீனியிலும் இதே கேள்விதான். கெரோப்போக் பொட்டலத்தில் 'செத்தியாப் ஹிடாங்ஙான்' 30 கிராம் என்றிருக்கும். பொட்டலம் 90 கிராமாக இருந்தால் எல்லா எண்களையும் மூன்றால் பெருக்குங்கள். இனி உப்பு. அட்டவணை சோடியத்தைத்தான் காட்டும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். உடனடி மீயைப் பச்சையாக நொறுக்கி, தூளைக் கொட்டிக் குலுக்கித் தின்பவர்கள் என் வகுப்பிலும் உண்டு. ஒரு பொட்டலத்தில் 1,000 மில்லிகிராம் சோடியம் இருப்பது அரிதல்ல. அது 2.5 கிராம் உப்பு. பெரியவர் ஒருவரின் நாள் வரம்பான 5 கிராமில் பாதி.

என்னதான் தின்பது என்று கேட்பீர்கள். ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே நம்மவர்கள் பெயர் சொல்லும் தீனி. அங்கே எண்ணெயில் பொரித்த கடலையும் கிடைக்கும், அவித்த கொண்டைக்கடலையும் கிடைக்கும். நான் அவித்ததை வாங்குவேன். அதன் எடையில் பாதிக்கு மேல் நீர்தான். 100 கிராமில் ஏறக்குறைய 160 கிலோகலோரி. புரதமும் நாரும் இருப்பதால் ஒரு கைப்பிடியிலேயே பசி அடங்கும். எண்ணெயில் பொரித்த முறுக்கோ 100 கிராமில் 500 கிலோகலோரியைத் தொடும். பலகாரமே கூடாது என்று சொல்லவில்லை. தீபாவளிக்கு நானும் தின்கிறேன்.

அடுத்த வாரம் அந்த மாணவன் ஒரு காகிதத்தோடு வந்தான். அப்பா குடிக்கும் மூன்று-சேர்க்கைக் காப்பிப் பொட்டலத்தின் கணக்கு. '100 கிராமுக்குச் சீனி 50 கிராம். ஒரு பொட்டலம் 20 கிராம். ஆக, 10 கிராம். ஒரு நாளைக்கு மூன்று.' கடைசி வரியில் 30 என்று எழுதி வட்டமிட்டிருந்தான்.

"அப்பாகிட்ட காட்டினியா?"

"காட்டினேன் டீச்சர். ஒன்னும் சொல்லல. ஆனா மதியமும் சாயந்திரமும் இப்ப கோப்பி ஓ கோசோங்தான். காலையில உள்ளத மட்டும் இன்னும் விடல."